செவ்வாய்க்கிழமை நவோஷிமாவுக்குப் போனேன்

கும்பகோணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயின் அல்லிக் குளங்களை அச்சுப் புத்தகங்களில் காட்டித்தான் இத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளுக்கு வண்ணம் சொல்லிக்கொடுத்தேன். அந்த அச்சில் எல்லாமே கலங்கிய ஊதாவாகத்தான் தெரியும். என் மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். 2023 அக்டோபரில் அவனோடு ஒரு மாதம் தங்கப் போனபோது, ஜப்பானில் நவோஷிமா என்ற ஒரு சிறு தீவில் மோனேயின் அல்லி ஓவியங்கள் ஐந்து இருக்கின்றன என்று தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகவே போகிறேன் என்றேன். போய் வந்தேன். பார்த்தேன். ஆனால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டியது மூன்று நாளாக இழுத்தது. கிட்டத்தட்ட எட்டாயிரம் ரூபாய் வீணானது. இரண்டு முறை அழுகை வந்தது. யாராவது ஒருவர் முன்னாலேயே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நவோஷிமா செட்டோ உள்நாட்டுக் கடலில், ககாவா மாகாணத்தைச் சேர்ந்த தீவு. எட்டு சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள். வடக்கு முனையில் 1917 முதல் செம்பு உருக்கும் ஆலை இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1992-இல் பெனெஸ்ஸே ஹவுஸ் அருங்காட்சியகத்தையும், 2004-இல் மோனே இருக்கும் சிச்சூ அருங்காட்சியகத்தையும் கட்டினார். சிச்சூ என்றால் நிலத்துக்குள் என்று பொருள். குன்றின் உருவம் கெடக்கூடாது என்று முழுக் கட்டடத்தையும் மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள். தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். வடக்கே ஹொன்ஷூ கரையில் இருக்கும் ஊனோ துறையிலிருந்து இருபது நிமிடம், 300 யென். தெற்கே ஷிகோகு கரையில் இருக்கும் தகமாட்சுவிலிருந்து ஐம்பது நிமிடம், 520 யென். இரண்டு படகும் மியானௌரா என்ற துறைமுகத்துக்கு வருகின்றன. இந்த இரண்டு கரைகளில் எதில் தங்குவது என்பது சாதாரண விஷயம் என்று நினைத்துத் தகமாட்சுவைத் தேர்ந்தெடுத்தேன். அது எவ்வளவு பெரிய முடிவு என்பது கடைசி நாள் மாலைதான் தெரிந்தது.

அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியும். அதனால் கவனமாகச் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 10-ஆம் தேதியைக் குறித்தேன். திங்கள் மாலை ஒசாகாவிலிருந்து பஸ்ஸில் தகமாட்சு வந்து, நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஹோட்டலில் தங்கினேன். செவ்வாய் காலை எட்டே கால் மணி வாக்கில் படகு. மேல்தளத்தில் நின்று, ஒன்றன் பின் ஒன்றாகத் தீவுகள் விலகி விலகி வழிவிடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். மியானௌராவில் இறங்கியதும் யாயோய் குசாமா என்ற கலைஞரின் சிவப்புப் பூசணிச் சிற்பம் கரையிலேயே நிற்கிறது. நூறு யென் கொடுத்து ஊர் பஸ்ஸில் ஏறித் தீவின் மறுபக்கத்தில் இருக்கும் ஹொன்முரா கிராமத்துக்குப் போனேன். பழைய வீடுகளையே கலைப்படைப்புகளாக மாற்றியிருக்கும் இடம் அது; முதலில் அதைப் பார்த்துவிட்டு மதியம் சிச்சூ என்பது என் திட்டம்.

ஹொன்முராவில் தெருவே அடங்கிக் கிடந்தது. கரியாக்கிய தேவதாரு மரச் சுவர்கள், வாசல்களில் தொங்கும் சாயத் துணிகள், ஓரிரண்டு பூனைகள், வேறு யாருமில்லை. முதல் வீட்டுக் கதவு மூடியிருந்தது. இரண்டாவதும் மூடியிருந்தது. மூன்றாவதன் முன்னால் ஜப்பானிய மொழியில் ஒரு சிறு பலகை. எதிர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டி, "யசுமி, யசுமி" என்றார். விடுமுறை. நான் கைப்பேசியில் தேதியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்து, முதல் நாள் திங்களைத் தொட்டுத் தலையாட்டினார். எனக்குப் புரியவில்லை. மகனுக்குப் போன் செய்தேன். அவன் தேடிப் பார்த்துச் சொன்னான்: அக்டோபர் இரண்டாவது திங்கள் ஜப்பானில் விளையாட்டு தினம், தேசிய விடுமுறை, திங்கட்கிழமை தேசிய விடுமுறையாக அமைந்தால் அன்று அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், அதற்குப் பதிலாக மறுநாள் செவ்வாய் மூடிவிடுவார்கள். ஜனவரி இரண்டாவது திங்கள், ஜூலை மூன்றாவது திங்கள், செப்டம்பர் மூன்றாவது திங்கள், அக்டோபர் இரண்டாவது திங்கள், இவை தவிர ஞாயிறன்று விழும் விடுமுறைக்கு ஈடாக வரும் திங்கள், இவை எல்லாவற்றுக்கும் அடுத்த செவ்வாயில் இதே கதைதான். தீவின் இணையதளத்தில் மாதவாரியாகத் திறப்பு நாள்காட்டி போட்டிருக்கிறார்கள். அதை ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் போதும். ஜப்பானில் எங்கே போவதானாலும் "திங்கள் விடுமுறை" என்ற பொது விதியை நம்பாமல், நீங்கள் போகும் தேதியை அந்த இடத்தின் நாள்காட்டியிலேயே பாருங்கள்.

அந்தத் தெரு முனையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐம்பத்தொன்பது வயதில், திரும்ப ஒருமுறை இவ்வளவு தூரம் வருவோமா என்று தெரியாத ஒருத்திக்கு அது சாதாரண ஏமாற்றம் இல்லை. மகன் மறுபடியும் கூப்பிட்டான். "அம்மா, நாளைக்குத் திரும்பப் போங்கள். ஒசாகா பஸ்ஸை நாளை இரவுக்கு மாற்றிவிடுகிறேன். சிச்சூவுக்கு முன்பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். அப்போதுதான் இரண்டாவது இடி. சிச்சூவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அன்றைக்கு மிச்சம் இருந்தால்தான் நேரில் கிடைக்கும். நான் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதாவது அன்று திறந்தே இருந்திருந்தாலும் நான் உள்ளே போயிருப்பேனா என்பது உறுதியில்லை. மறுநாளுக்குப் பார்த்தால் காலை நேரம் எல்லாம் போய்விட்டது, மதியம் இரண்டரை மணிக்கு இடம் இருந்தது. என் இந்திய வங்கி அட்டையில் பணம் கட்ட முயன்றேன். கடவுச்சொல் இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். அந்த சிம் கார்டு ஒசாகாவில் மேசை இழுப்பறையில் கிடந்தது. மகன்தான் தன் அட்டையில் 2,100 யென் கட்டி வாங்கினான். மகன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே சிச்சூ டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால், வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு அட்டையைத் திறந்துவைத்து, குறுஞ்செய்தி வரும் சிம்மையும் கையோடு வைத்திருங்கள்.

மீதி நாளை வீணாக்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்ததில், பெனெஸ்ஸே ஹவுஸ் அருங்காட்சியகம் மட்டும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று தெரிந்தது. அது தங்கும் விடுதியும் அருங்காட்சியகமும் சேர்ந்த கட்டடம். 1,300 யென். வட்டமான உயர்ந்த கான்கிரீட் அறையில் புரூஸ் நௌமனின் நியான் படைப்பு ஒன்று, ஒவ்வொரு வரியாக எரிந்து அணைந்து, பிறகு நூறு வரிகளும் ஒரே சமயத்தில் எரிகின்றன. எனக்கு நியான் விளக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனால் அந்த அறையில் வேறு யாரும் இல்லாததால் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் கொஞ்சம் அடங்கியது. பிறகு கடற்கரைக்கு இறங்கி, குசாமாவின் இன்னொரு சிற்பமான மஞ்சள் பூசணியைப் பார்த்தேன். 1994-இல் வைத்த பூசணியை 2021 ஆகஸ்டில் புயல் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது; மறு ஆண்டு அக்டோபரில் புதிதாகச் செய்து அதே மேடையில் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, தொடவில்லை. இரண்டு பூசணிகளும் திறந்தவெளியில் இருப்பதால் விடுமுறை நாளிலும் பார்க்கலாம். செவ்வாயில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த மூன்றுதான் துணை.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முதல் நாள் நான் கிட்டத்தட்டப் பட்டினி. அருங்காட்சியகங்கள் மூடும் நாளில் கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் மூடிவிடுகின்றன. வீட்டின் முன்னறையில் கணவனும் மனைவியுமாக நடத்தும் கடைகள். ஆள் வராத நாளில் அவர்கள் ஏன் அடுப்பு மூட்ட வேண்டும்? நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும் சாப்பிடமாட்டேன். ஹொன்முராவில் திறந்திருந்த ஒரே கடையிலிருந்து கறிக்குழம்பு மாதிரி ஒரு மணம் வந்தது. காய்கறிக் குழம்புச் சோறு என்று படம் போட்டிருந்தது. உள்ளே போய் மகன் கைப்பேசியில் எழுதிக் கொடுத்திருந்த வரியைக் காட்டினேன். அந்த அம்மாள் உடனே தலையாட்டிவிடாமல் உள்ளே போய், குழம்புக் கட்டியின் அட்டைப் பெட்டியை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்துப் பார்த்து, வருத்தத்தோடு கைகளைக் குறுக்கே வைத்தார். மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாம். கடையில் விற்கும் ஜப்பானியக் குழம்புக் கட்டிகளில் அது பொதுவாகவே இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துச் சொன்னதற்கு அவர் கைகளைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் ஒரு தட்டில் வெறும் சோறும், உப்பில் ஊறிய வெள்ளரியும், கட்டித் தயிர் போல வழுவழுப்பான டோஃபுவும் வைத்துத் தந்தார். காசு வாங்கமாட்டேன் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ககாவா மாகாணம் ஊடோனுக்குப் பேர்போனது. ஊடோன் என்பது தடிமனான கோதுமை நூடுல்ஸ், பார்த்தால் சைவம்தான். ஆனால் அதன் மேல் ஊற்றும் தெளிந்த சாறு, தாஷி, இந்தப் பக்கத்தில் காய்ந்த சிறு மீனில் கொதிக்க வைத்தது. மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதனால் "மீன் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "தாஷி நாஷி", அதாவது தாஷி இல்லாமல் என்று தனியாகக் கேட்க வேண்டும். சாறு ஊற்றாமல் வெறும் சோயா சாஸும் துருவிய முள்ளங்கியும் போட்டுத் தரும் ஒரு வகை இருக்கிறது, கிஜோயு ஊடோன் என்று பெயர். எனக்கு அதுதான் கைகொடுத்தது. அதிலும் சில கடைகளில் சோயா சாஸிலேயே தாஷியைக் கலந்துவைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் முக்கோணச் சோற்று உருண்டைகளில் உமேபோஷி என்ற ஊறிய காய் வைத்தது ஒன்று உண்டு. நம் தயிர்சாதத்துக்கு உப்பு நாரத்தங்காய் மாதிரி, நாக்கு விழித்துக்கொள்ளும். இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் இனி எந்தத் தீவுக்கும் போவேன். சின்னக் கடைகள் பலவற்றில் ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார்கள். பஸ்ஸுக்கும் நூறு யென் நாணயங்கள் வேண்டும்.

புதன்கிழமை அதே படகில் மறுபடியும் போனேன். இந்த முறை ஹொன்முரா வேறு ஊராக இருந்தது: கதவுகள் திறந்திருந்தன, வாசலில் ஆள் உட்கார்ந்து டிக்கெட்டில் முத்திரை குத்தினார்கள். ஆறு வீடுகளுக்கும் சேர்த்து 1,050 யென். பத்து மணிக்குத் திறந்தார்கள். முதலில் மினாமிதேரா என்ற இடத்துக்குப் போங்கள். ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், கூட்ட நாளில் நேரச்சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். முன்பு கோவில் இருந்த இடத்தில் ஆண்டோ கட்டிய கரிய மரக் கட்டடம் அது. உள்ளே ஜேம்ஸ் டர்ரெலின் படைப்பு. சுவரைத் தடவிக்கொண்டே முழு இருட்டுக்குள் நடந்து ஒரு பலகையில் உட்கார்ந்தோம். எதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். எனக்கு மூச்சு முட்டியது, எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு எதிரில் ஏதோ இருப்பது மெல்லத் தெரிந்தது. அந்த வெளிச்சம் முதலிலிருந்தே அங்கேயேதான் இருந்ததாம். என் கண்தான் அதற்குப் பழகவில்லை. பிள்ளைகளிடம் "உற்றுப் பார், உற்றுப் பார்" என்று இத்தனை ஆண்டுகள் சொன்னேன். உற்றுப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் எனக்கே அளவு தெரிந்தது. இருட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

கதோயா என்ற இருநூறு ஆண்டுப் பழைய வீட்டில், கூடத்தில் தண்ணீர் நிறுத்தி அதற்குள் எண்கள் ஓடும் 125 விளக்குகளை மிதக்கவிட்டிருக்கிறார் தட்சுவோ மியாஜிமா. 1998-இல் இந்த வீட்டு வரிசையில் முதலில் செய்தது இதுதான். ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு வேகத்தில் எண்ண வேண்டும் என்பதை ஐந்து வயதுக் குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயது முதியவர் வரை ஊர்க்காரர்களே நிர்ணயித்தார்கள். ஒன்று படபடவென்று ஓடுகிறது, பக்கத்தில் ஒன்று ஆடி அசைந்து நகர்கிறது. எது யாருடையது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். வீடுகளில் எனக்கு மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். குன்றின் மேல் இருக்கும் கோஓ கோவிலில் ஹிரோஷி சுகிமோட்டோ வைத்த கண்ணாடிப் படிக்கட்டு கருவறையிலிருந்து நிலத்துக்குள் இருக்கும் கல் அறைக்கு இறங்குகிறது. அந்த அறையிலிருந்து ஒடுக்கமான வழியில் வெளியே வரும்போது நேர் எதிரே கடல். ஒரு பல் மருத்துவரின் பழைய வீட்டுக்குள் சுதந்திர தேவி சிலை நிற்பதையும் பார்த்தேன். அது எனக்கு ஒட்டவில்லை. பதினொன்றே காலுக்கே சாப்பிடப் போய்விட்டேன். அது நல்ல முடிவு. பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடை வாசலிலும் வரிசை நின்றது. இரண்டு மணிக்கெல்லாம் பல கடைகளில் மதியச் சாப்பாடு தீர்ந்துவிடுகிறது. ஐந்தாறு இருக்கைதான் ஒவ்வொரு கடையிலும்.

ஊர் பஸ் ட்சுட்சுஜி-சோ என்ற நிறுத்தம் வரை போகிறது. அங்கிருந்து சிச்சூவுக்கு இலவச பஸ். டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில், மோனேயின் ஜிவெர்னி தோட்டத்தை நினைத்து ஒரு குளம் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது அல்லி, தாமரை இல்லை. மோனே வரைந்ததும் அல்லிதான். நம் புத்தகங்களில் தாமரை என்று தப்பாகப் போடுவார்கள், நான் ஒவ்வோர் ஆண்டும் பேனாவால் திருத்துவேன். சரியாக இரண்டரை மணிக்கு உள்ளே விட்டார்கள். மோனே அறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் மிதியடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தரை முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் வெள்ளைப் பளிங்குக் கட்டிகள், ஏழு லட்சம் என்றார்கள். விளக்கே கிடையாது. மேலிருந்து வடிந்து வரும் பகல் வெளிச்சம் மட்டும்தான். எதிர்ச் சுவரில் இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் நீளத்துக்கு இரண்டு பலகைகளாகப் பெரிய ஓவியம். சுற்றிலும் மற்ற நான்கு.

நான் அழுதது இங்கே இரண்டாவது முறை. நான் பிள்ளைகளுக்குக் காட்டிய ஊதா அங்கே இல்லவே இல்லை. பச்சைக்கு அடியில் செம்மண் நிறம், அதற்கு மேல் காய்ந்த தூரிகையால் இழுத்த வெள்ளை, கிட்டப் போனால் வெறும் கோடுகள், நான்கு அடி பின்னால் வந்தால் தண்ணீர். ஒரு மேகம் போனது. வெளியே தெரியவில்லை, ஓவியத்தில்தான் தெரிந்தது. ஐந்து குளமும் ஒரே சமயத்தில் இருண்டன. படம் எடுக்கக் கூடாது என்பதால் எல்லோர் கையும் சும்மா இருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். வால்டர் டி மரியாவின் அறையையும் பார்த்தேன்: படிகளுக்கு நடுவில் 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை, சுவர்களில் தங்கத் தகடு ஒட்டிய 27 மரத் தூண்கள். கூரை வானத்துக்குத் திறந்திருக்கும் டர்ரெலின் அறையிலும் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு வெளியே வர வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தேன். அப்போது மேகம் கலைந்து வெயில் வந்தது. திரும்பவும் செருப்பைக் கழற்றி மோனே அறைக்குப் போனேன். பத்து நிமிடம். இனி வருவேனா என்று தெரியாதபோது அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படி விடுவேன்?

தகமாட்சுவுக்குக் கடைசிப் படகு மாலை ஐந்து மணி. இதைத்தான் முதலிலேயே சொன்னேன், கரையைத் தேர்ந்தெடுப்பது பெரிய முடிவு என்று. இலவச பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது நீண்ட வரிசை. வந்தது சிறிய பஸ். எனக்கு முன்னால் மூன்று பேர் நிற்கும்போதே நிரம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ட்சுட்சுஜி-சோவுக்கு வந்து இறங்கியபோது ஊர் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. டாக்சி தீவில் பெயருக்குத்தான் இருக்கிறது. முன்பே சொல்லிவைக்காமல் கிடைக்காது. மியானௌராவுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே கால். படகு கடலில் சிறியதாகத் தெரிந்தது. அங்கே ஒரு பெண் சொன்னார்: சிச்சூவிலிருந்து மேற்குப் பக்கச் சாலையில் நேராக நடந்திருந்தால் முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் துறைமுகத்துக்கு வந்திருக்கலாம் என்று. பஸ் வரிசையில் நின்ற நேரத்தில் நடந்திருந்தால் படகு எனக்குக் கிடைத்திருக்கும். வரும்போது பஸ்ஸில் வந்தோம், போகும்போதும் பஸ்தான் என்று நினைத்துவிட்டேன். தீவின் வரைபடத்தை ஒரு முறையாவது நிதானமாகப் பாருங்கள்; பெரும்பாலான இடங்கள் நடந்தே போகும் தூரத்தில்தான்.

ஊனோவுக்குப் படகுகள் அடிக்கடி இருக்கின்றன, இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஒன்று உண்டு. என் பை கையில் இருந்திருந்தால் ஊனோ போய், அங்கிருந்து ரயிலில் ஒகயாமா போய், புல்லட் ரயிலில் ஏறி அன்றிரவே ஒசாகாவில் இருந்திருப்பேன். ஆனால் பை தகமாட்சு ஹோட்டலில் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை பையில் இருந்தது. ஏழு மணி ஒசாகா பஸ்ஸும் தகமாட்சுவிலிருந்துதான். இருட்டில் ஊனோ போய், ரயிலேறி, சாயாமாச்சியில் மாறி, செட்டோ பெரும்பாலத்தின் மேல் கடலைக் கடந்து தகமாட்சு வந்து சேர்ந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. பகலில் ஐம்பது நிமிடத்தில் கடந்த அதே கடலை மூன்று மணி நேரம் சுற்றி வந்தேன். பஸ் போய்விட்டது. அந்த ஹோட்டலில் இடமில்லை. பையை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடி 7,200 யென்னுக்கு ஓர் அறை பிடித்தேன்.

கணக்கு இதுதான். தவறவிட்ட பஸ் டிக்கெட் 4,000 யென், கூடுதல் அறை 7,200, வீணாகப் போன முதல் நாள் படகு போகவர 1,040, ஊனோ வழிச் சுற்றுப் பயணம் கிட்டத்தட்ட 1,800. மொத்தம் 14,000 யென்னுக்குச் சற்று மேல். அன்றைய மதிப்பில் ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் அளவு. இதில் மருமகள் இரவு பதினொன்று வரை கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்ததைச் சேர்க்கவில்லை.

இன்று போவதாக இருந்தால் நான் ஒகயாமாவிலோ ஊனோவிலோ தங்குவேன். படகு அதிகம், தவறினாலும் அடுத்தது உண்டு. தகமாட்சுதான் வசதி என்றால், பையை அங்கே விட்டுவிட்டு அன்றிரவே வேறு ஊருக்கு டிக்கெட் போடமாட்டேன். மருந்து எப்போதும் தோள்பையில். சிச்சூவுக்குத் திறக்கும் நேரத்துக்கே, பத்து மணி வாக்கில் டிக்கெட் வாங்குவேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும், லீ உஃபான் என்ற கலைஞரின் அருங்காட்சியகத்துக்கும், பிறகு ஹொன்முராவுக்கும் போவேன். லீ உஃபான் அருங்காட்சியகத்தை நான் பார்க்கவே இல்லை, நேரம் விழுங்கிவிட்டது. 2025 மே 31-ஆம் தேதி ஹொன்முரா பக்கத்தில் ஆண்டோ கட்டிய நவோஷிமா புதிய கலை அருங்காட்சியகமும் திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க முயலாதீர்கள், ஓர் இரவு தீவிலேயே தங்க முடிந்தால் தங்குங்கள். நான் சொன்ன கட்டணங்கள் 2023-இல் கொடுத்தவை. போகும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வானம் மேகமாக இருந்தால் மோனே அறையிலிருந்து உடனே வெளியே வந்துவிடாமல், மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு, வெயில் வந்ததும் இன்னொரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். அதற்கு என்று ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.